பூச்சியம் நம்பர் மலை

என் பிரியாவிடை வைபவத்தில், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் வந்தார். பெயர் சொல்ல மாட்டேன், பாவம். "மேடம், அடுத்த வேலைக்கு வேற கம்ப்யூட்டர் மொழியாம். ஆனா பயமில்ல. ஏற்கெனவே தெரிஞ்சது மாதிரிதான். ரெண்டு நாள்ல புடிச்சிருவேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு கேக் எடுக்கப் போய்விட்டார்.

அது ஆசீர்வாதம் இல்லை தம்பி. "மாதிரிதான்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஹட்டன் ஞாபகம் வரும், அதனால் சிரித்தேன். அன்றைக்கு கேக்கும் கூட்டமுமாக இருந்ததால் விட்டுவிட்டேன். இப்போது எனக்கு வேலை இல்லை, நிறைய நேரம் இருக்கிறது. நீங்கள் தப்ப முடியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஹட்டன் ரயில் நிலையத்தைப் பார்த்தபடி ஒரு பேக்கரி இருந்தது. அதன் மாடியில் எங்கள் அலுவலகம். சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் விளைச்சல் கணக்குகளை ஒரே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. கீழேயிருந்து பாண் வேகும் வாசனை வந்துகொண்டே இருக்கும். காலையில் பசியில்லாமல் வேலைக்கு வந்தவர்கூட பத்து மணிக்குப் பசியோடு இருப்பார்.

நாங்கள் மூன்று பேர். பொறுப்பாளரை "சேர்" என்போம். சிங்களவர், ஆனால் இளமையிலேயே தோட்ட அலுவலகங்களில் வேலை பார்த்ததால் எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சிங்களம் வரும். அடுத்தவன் யோகராஜ், இறம்பொடைக்காரன். என்னைவிட ஒரு வயது இளையவன். "அக்கா, அக்கா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே காலை வாருவான். மூன்றாவது நான். கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மேல் டிவிஷன் என்ற பகுதியில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். வாரநாட்களில் ஹட்டனில் பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை வீட்டுக்குப் போவேன். திங்கட்கிழமை திரும்பும்போது அம்மா லயத்துக்கு முன்னால் போட்டிருந்த மரக்கறிப் பாத்தியிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஒரு பை நிறையக் கொடுத்துவிடுவார். பாதி விடுதிக்கு, பாதி சேர் வீட்டுக்கு.

அலுவலகக் கூரை ஒழுகும். மழைக்காலத்தில் கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று யோசித்து, அம்மாவின் பழைய கம்பளியைக் கொண்டுவந்து மூடினேன். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வார்களே, அந்தக் கம்பளி. கொழும்பிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து, "இதுக்கும் கொழுந்தெடுக்கப் பேர் பதிஞ்சாச்சா?" என்று கேட்டார்.

இனி மொழிக்கு வருகிறேன். அந்தக் கம்ப்யூட்டருக்குச் சேர் வாங்கி வைத்திருந்த மொழியின் பெயர் நயல். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வரிசைகளை வைத்துக் கணக்குப் போடும் மொழி. ஒவ்வொரு எண்ணாக எடு, கூட்டு, அடுத்ததுக்குப் போ என்றெல்லாம் அதில் எழுதத் தேவையில்லை. காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் இடத்தில், கணக்கப்பிள்ளை ஆளுக்கொரு தடவையா சொல்கிறார்? "எல்லாரும் ஏழாம் நம்பர் மலைக்கு" என்று ஒரு தடவை சொன்னால் கூட்டம் முழுக்க நகரும். அதேபோல இந்த வரிசையை அந்த வரிசையிலிருந்து கழி என்று ஒரே வரியில் சொன்னால் முடிந்தது. தோட்டக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான மொழி கிடையாது. தோட்டத்தில் எங்கள் ஆட்கள் தேயிலை நிலத்துண்டு ஒவ்வொன்றையும் "மலை" என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. எல்லாமே வரிசைதான்.

சிக்கல் என்னவென்றால், மொழி வந்தது, அதன் கையேடு வரவில்லை. கொழும்பில் எங்கோ நின்றுவிட்டது. மொழி இருந்த வட்டோடு வந்தது, சொற்கள் மட்டும் அச்சடித்த ஒரு மடிப்புத் தாள். சேர் சும்மா இருக்கவில்லை. யாரோ ஒரு சிநேகிதரிடமிருந்து ஏபிஎல் என்ற மொழியின் பாடப்புத்தகத்தை வாங்கிவந்தார். ஏபிஎல் இந்த வகை மொழிகளுக்கெல்லாம் மூத்தது. நயல் அதன் தங்கச்சி மாதிரி.

"அக்காவப் பாத்துத் தங்கச்சியப் புரிஞ்சுக்குவோம்" என்றார் சேர். அவருக்கும் இரண்டுமே தெரியாது. மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம்.

அந்தப் புத்தகம் முழுக்கக் கொக்கியும் வட்டமும் அம்புக்குறியுமாக இருந்தது. எங்கள் விசைப்பலகையில் அதெல்லாம் கிடையாது. நயலில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இங்கிலீஷ் சொல் இருக்கும். அந்தக் கொக்கிக்கு இந்தச் சொல், இந்த வட்டத்துக்கு அந்தச் சொல் என்று பொருத்திப் பொருத்திப் படித்தோம். பொருந்தும்போதெல்லாம் யோகராஜ் மேசையைத் தட்டுவான். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் படித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் பரீட்சைக்குப் பயந்து படித்தது.

புத்தகத்தில் எங்களை மிகவும் படுத்திய விஷயம் ஒன்று. ஏபிஎல்லில் கணக்கை வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகப் போட வேண்டும். பத்து கழித்தல் மூன்று கழித்தல் இரண்டு என்று எழுதினால், நீங்களும் நானும் ஐந்து என்போம். ஏபிஎல் ஒன்பது என்று சொல்லும். முதலில் வலது பக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டைக் கழித்து ஒன்றாக்கி, பிறகு பத்திலிருந்து அந்த ஒன்றைக் கழிக்கும். ஆகவே பத்திலிருந்து மூன்றையும் இரண்டையும் கழிக்க வேண்டுமானால், "பத்து கழித்தல் மூன்று கூட்டல் இரண்டு" என்று எழுத வேண்டும். வலது பக்கத்தில் மூன்றும் இரண்டும் கூடி ஐந்தாகி, அப்புறம் கழியும். தலை சுற்றுகிறதா? எங்களுக்கும் சுற்றியது. கம்ப்யூட்டரில் தட்டாமல், கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகினோம். பழகிய பிறகு பெரிய கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டதாக நினைப்பு. யோகராஜ் வீட்டுக்குக் கடிதம் எழுதினால் கையெழுத்தைத்தான் முதலில் போடுவான் என்று நான் கேலி செய்தேன்.

பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். முதல் நாளே ஒரு அடி விழுந்தது. ஒரு தோட்டத்தின் மலைகளை வரிசையாகக் கொடுத்துவிட்டு, ஒன்றாம் நம்பர் மலையைக் காட்டு என்றால், இரண்டாம் நம்பர் மலையைக் காட்டியது. ஐந்தைக் கேட்டால் ஆறு. யோகராஜ் திரையை முறைத்துவிட்டு, குறும்புக்காகப் பூச்சியத்தைத் தட்டினான். ஒன்றாம் நம்பர் மலை வந்து நின்றது.

"சேர், இது பூச்சியத்துலருந்து எண்ணுது! புத்தகத்துல ஒண்ணுலருந்துதான எண்ணுறாங்க?"

"அப்ப அக்காவுக்கும் தங்கச்சிக்கும் அதுதான் வித்தியாசம்" என்றார் சேர்.

"பூச்சியம் நம்பர் மலைக்கு யாரு சேர் கங்காணி?" என்று நான் கேட்டேன். அன்று முழுக்க அதே பகிடிதான். யாராவது வேலைக்குப் பிந்தி வந்தால், பூச்சியம் நம்பர் மலைக்குப் போய்விட்டு வருகிறார் என்போம். சேர் சுண்ணக்கட்டியை எடுத்து, கரும்பலகையின் மேல் மூலையில் பெரிதாக எழுதினார்: வித்தியாசம்: ஒன்று.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நாங்கள் கோட்டைவிட்ட இடம் இதுதான். வித்தியாசமே தெரியாமல் இருந்திருந்தால் பயந்து பயந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்திருப்போம். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் அல்லவா, அந்தப் பெருமையில் தேடுவதை நிறுத்திவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தோட்டத்திலிருந்து வேலை வந்தது. தேயிலைத் தொழிற்சாலைக்கு விறகு போதவில்லை. ஆகவே சரியாக விளையாத இரண்டு மலைகளில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு டர்பன்டைன் மரம் நட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எந்த இரண்டு என்பதை நாங்கள் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டம் எங்கள் தோட்டம். தோட்டத்தில் மொத்தம் பதினெட்டு மலை, நான் பிறந்த மேல் டிவிஷனில் இருந்தது அதில் இரண்டே இரண்டு. யார் யார் எந்த டிவிஷன் என்றெல்லாம் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, எங்கள் மலைதான் தோட்டத்திலேயே நல்ல மலை என்பது என் நினைப்பு. பிறந்த இடத்தைப் பற்றி எல்லோருக்கும் அப்படி ஒரு நினைப்பு இருக்கும்.

கணக்கு மிக எளிது. மலைக்கு மலை, நிறுத்த கொழுந்தின் எடையை எடுத்துக்கொள். அதிலிருந்து மழைத்தண்ணீரின் எடையைக் கழி. தேத்தூளுக்கு உதவாத முற்றிய இலையின் எடையையும் கழி. மிச்சம் இருப்பது நல்ல கொழுந்து. எல்லாம் ஏக்கருக்கு இவ்வளவு என்று வகுத்தே கொடுத்திருந்தார்கள். யோகராஜ் ஒரே வரியில் எழுதினான்: கொழுந்து கழித்தல் தண்ணீர் கூட்டல் முற்றிய இலை. புத்தகம் சொல்லிக்கொடுத்த அதே தந்திரம். நானும் சேரும் எட்டிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றோம். மிச்ச எடையை அச்சடிக்கவில்லை. எது முதல், எது கடைசி என்ற வரிசை மட்டும் போதும் என்றிருந்தார்கள், அதை அச்சடித்தோம்.

கடைசி இரண்டு இடத்திலும் மேல் டிவிஷன் மலைகள்.

நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு மலையும் போனால் மேல் டிவிஷனில் வேலையே இல்லை. லயத்தைப் பூட்டிவிட்டு, குடும்பங்களை ஒன்றைக் கீழே, ஒன்றை வேறு தோட்டத்துக்கு என்று பிரித்துப் போடுவார்கள். அம்மாவின் மரக்கறிப் பாத்தி, அந்தோனியார் கோயில், நான் அரிச்சுவடி படித்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், எல்லாம் ஆளில்லாமல் நிற்கும். இதெல்லாம் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. தோட்டத்துத் துரை, அதாவது மேலாளர். வரிசை வந்ததா என்று கேட்டார். சேர் தாளைப் பார்த்துக் கடைசி இரண்டு நம்பரையும் வாசித்தார். வெள்ளிக்கிழமை தானே வந்து தாளை வாங்கி மேலிடத்துக்கு அனுப்புவதாகத் துரை சொன்னார்.

சேர் தொலைபேசியை வைத்ததும் நான் சொன்னேன். "சேர், மேல் டிவிஷன்லதான் எங்க வீடு."

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா அப்பா அங்கயா இருக்காங்க?"

"ஆமா சேர். அம்மா அந்த மலையிலதான் கொழுந்து எடுக்குறாங்க."

"இத வேல வந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"வேல வந்த அன்னைக்கு எங்க மல கடைசியில வரலையே சேர்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "ஹரி" என்றார் சிங்களத்தில், சரி என்பதுபோல. "இனி நீ இந்தக் கணக்கத் தொடக் கூடாது. சரியோ பிழையோ, யோகராஜ் பாக்கட்டும். வீட்டுக்கும் ஒண்ணும் சொல்லக் கூடாது." பிறகு மேசைக்குக் கீழே பார்த்தார். அம்மா கொடுத்துவிட்ட பை அங்கே இருந்தது. "இந்த வாரம் லீக்ஸ் வேணாம் ஸ்டெல்லா. திருப்பி எடுத்துட்டுப் போ."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்னைத் திருடி என்றா சொல்கிறார்? நாலு கட்டு லீக்ஸைக் கொடுத்து நான் என்ன வளைத்துவிடப் போகிறேன்? பையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். அவர் செய்தது எவ்வளவு சரி என்று வெள்ளிக்கிழமைதான் எனக்குப் புரிந்தது.

கோபம் தணிந்ததும் வேறொரு தொல்லை. கணக்கு பிழை என்று எனக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது? விடை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வேறு தோட்டமாக இருந்தால் தாளை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, கீழே போய்த் தேத்தண்ணி குடித்திருப்பேன். பிடிக்காத விடை பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே. என் புத்தியை நானே நம்ப முடியாத நிலை, பிள்ளைகளே. இதைவிடப் பெரிய சங்கடம் இந்தத் தொழிலில் கிடையாது.

யோகராஜ் நல்லவன். மறுநாள் காலையிலிருந்து புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதியதை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டான். மத்தியானம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"புத்தகப்படி அச்சு அசலா சரியா இருக்கு அக்கா. நான் என்ன செய்யட்டும்?"

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"மூஞ்சியப் பாத்தா கேக்குற மாதிரிதான் இருக்கு." என்னைச் சிரிக்கவைக்கத்தான் அடுத்ததைச் சொன்னான். "சேர் ஒங்க மலையத்தான தொடக் கூடாதுன்னாரு? பூச்சியம் நம்பர் மல சும்மாதான கெடக்குது. அதுல போயி வேல செய்ங்க."

நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

உண்மையான மலைகளைப் பற்றி நான் என்ன சொன்னாலும் சந்தேகம் வரும். இல்லாத மலையைப் பற்றிச் சொல்லலாம் அல்லவா? யாருடைய அம்மாவும் அங்கே கொழுந்து எடுக்கவில்லை. உலகத்திலேயே மட்டமான ஒரு மலையை உண்டாக்கினால் என்ன? நிறுத்தது நூறு கிலோ. அதில் நாற்பது கிலோ வெறும் மழைத்தண்ணீர், அறுபது கிலோ வெறும் முற்றிய இலை. ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குக்கூட உதவாத மலை. அது வரிசையில் எங்கே வந்து நிற்க வேண்டும்? கடைசிக்கும் கடைசியில். அங்கே வந்தால் கணக்கு சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சேரிடம் போய்ச் சொன்னேன். "நீ தட்டாத. வாயால சொல்லு, அவன் தட்டட்டும்" என்றார்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். யோகராஜ் அந்த மலையை வரிசையின் தலையில், பூச்சியத்தின் இடத்தில் வைத்தான். பிறகு வரிசைப்படுத்தச் சொன்னான். அச்சு இயந்திரம் கிர்ரென்று இழுத்தது. சேர் தாளைக் கிழித்து எடுத்து, கீழேயிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போனார். எங்கள் மலை இரண்டும் கடைசியிலேயே இருந்தன. மேலே போனார், இன்னும் மேலே போனார், உச்சிக்கு வந்துவிட்டார்.

பூச்சியம் நம்பர் மலை முதலாவது. ஒரு தோட்டம் முழுக்க உள்ள மலைகளையெல்லாம் தள்ளிவிட்டு, தண்ணீரும் குப்பையுமாக, ராஜா மாதிரி உச்சியில் நின்றது.

"அபோய்!" என்றார் சேர். "எடையக் காட்டச் சொல்லு."

யோகராஜ் தட்டினான். நூற்று இருபது கிலோ நல்ல கொழுந்து என்று வந்தது. நிறுத்ததே நூறுதான்.

"இப்படி ஒரு மல இருந்தா, நான் இந்த வேலைய விட்டுட்டுத் துரையாப் போயிருவேன்" என்றார் சேர்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பத்து கழித்தல் மூன்று கழித்தல் இரண்டு என்று தட்டினோம். ஒன்பது வரும் என்று காத்திருந்தோம். ஐந்து வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும் விடை, அதைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்தோம். நயல் இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக, வந்ததை வந்த வரிசையில் போட்டுக்கொண்டு போகிற மொழி. அக்காவுக்கு நேர் எதிர்த்திசை. கொழுந்திலிருந்து தண்ணீரைக் கழித்திருக்கிறது, சரி. பிறகு முற்றிய இலையைக் கழிக்காமல், நாங்கள் எழுதியபடியே கூட்டியிருக்கிறது. எந்த மலையில் குப்பை அதிகமோ அது மேலே. எந்த மலையில் பார்த்துப் பார்த்துக் கிள்ளினார்களோ அது கீழே. முன்பின் தெரியாமல் பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி எழுதியிருந்தால் சரியாக வந்திருக்கும். கஷ்டப்பட்டுப் படித்ததால்தான் பிழையாகிப்போனது! யோகராஜ் காலையிலிருந்து ஒப்பிட்டும் அகப்படாததற்கும் இதுதான் காரணம். எந்தப் புத்தகம் பிழையைச் சொல்லித் தந்ததோ, அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு பிழை தேடினான்.

சேர் கரும்பலகைக்குப் போய் "ஒன்று" என்பதைக் கையாலேயே அழித்தார். யோகராஜ் "இரண்டு" என்று எழுதச் சுண்ணக்கட்டியை எடுத்தான். சேர் அதை அவன் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வித்தியாசம் என்ற சொல் மட்டும் பலகையில் நின்றது. பல மாதங்கள் கழித்துக் கையேடு வந்தது. முதல் சில பக்கங்களிலேயே, இடமிருந்து வலம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அப்போதும் சேர் அந்த எண்ணை நிரப்ப விடவில்லை.

வரியைத் திருத்திப் புது வரிசை எடுத்தோம். மேல் டிவிஷன் மலைகள் முதல் ஐந்துக்குள் வந்தன. கடைசி இரண்டு எவை என்று பார்த்தோம். துரையின் பங்களாவுக்கு நேர் முன்னால் இருக்கும் மலையும், அதற்குப் பக்கத்து மலையும். எனக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. இதைத் துரையிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை துரை வந்தார். நல்ல உயரம், அரைக் காற்சட்டை, கையில் தொப்பி. சேர் சுற்றிவளைக்கவில்லை. "நான் போன்ல சொன்னது பிழை. எங்க பிழைதான். இதுதான் சரியான வரிச" என்று தாளைக் கொடுத்தார்.

துரை படித்தார். முகம் மாறியது. "செவ்வாய்க்கெழம ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "மேல் டிவிஷன் புள்ள ஒண்ணு இங்க வேல செய்யுதுன்னு சொன்னாங்க. நீதானா?"

இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னாலும் எங்கள் லயம் போய்விடும் என்று தெரிந்தது.

"ஆமா, இவதான்" என்றார் சேர் அமைதியாக. "அவளே வந்து சொன்னா. அன்னையிலருந்து இந்தக் கணக்குல அவ விரல் படல. அவ வீட்டு மரக்கறிகூட இந்த ஆபீசுக்குள்ள வரல. அத விடுங்க. நீங்களே வந்து உக்காருங்க."

கம்பளியை எடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். துரையிடம் வேறு எந்த விளக்கமும் சொல்லவில்லை. "ஒங்களுக்குத் தெரிஞ்சதுலயே மோசமா ஒரு மலைய மனசுல நெனச்சு நம்பரப் போடுங்க. பழைய கணக்குலயும் புதுக் கணக்குலயும் விட்டுப் பாப்போம்."

துரைக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது போலும். ஒற்றை விரலால் தட்டினார். தண்ணீர் பாதி, முற்றிய இலை பாதி. பழைய கணக்கில் அவருடைய குப்பை மலை முதலாவதாக வந்தது. புதுக் கணக்கில் கடைசியில் போய் விழுந்தது. இன்னொரு மலையைப் போட்டார், இன்னும் மோசமாக. அதுவும் அப்படியே. துரை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தாளை எடுத்து மறுபடி பார்த்தார், சிரிப்பு நின்றது.

"பங்களா மலையா? அத நான் தெனமும் ஜன்னல்லருந்து பாக்குறேனே!"

"அதனாலதான் சேர்" என்றான் யோகராஜ். வாயைக் கட்டத் தெரியாதவன். "நீங்க பாக்குறீங்கன்னு எட நெறையக் காட்டுறதுக்கு, முத்தின எலையும் சேத்துல்ல..."

சேர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் பேக்கரிக்கு ஏதோ வாங்கப் போவதுபோலப் படியிறங்கிப் போய்விட்டான். துரை தாளை மடித்துக்கொண்டு போனார். தாளை அனுப்புவாரா, கிழித்துப் போடுவாரா, யாருக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போய் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அம்மா லீக்ஸ் பிடுங்கிக் கட்டும்போதெல்லாம், "இப்ப வேணாம்மா" என்று ஏதாவது சாக்குச் சொன்னேன். சேருக்கு வயிறு சரியில்லை என்றுகூடச் சொன்னேன். அந்தப் பாத்தி அடுத்த வருஷம் இருக்குமா என்பதே எனக்குத் தெரியவில்லை.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா ஓடிவந்தார். பெரிய புதினம் ஒன்று வாயில் இருந்தால்தான் அம்மா அப்படி ஓடிவருவார்.

"ஏய், சங்கதி தெரியுமா? தொரைக்கு என்னமோ ஆயிப்போச்சு. பங்களாவுக்கு முன்னாலயே தேயிலையப் புடுங்கிட்டு டர்பன்டைன் மரம் நடச் சொல்லிட்டாராம். சூரியனே தெரியாதே அப்பறம்! யாரு என்னத்த சொல்லிக் குடுத்தாங்களோ, அந்த மனுசனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு பெரட்டுல எல்லாரும் பேசிக்கிறாங்க."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அம்மா பயந்துபோய், "உனக்கும் என்ன ஆச்சு?" என்று தலையில் கை வைத்துப் பார்த்தார். அவருக்கு நான் விஷயத்தைச் சொன்னது பல வருஷங்களுக்குப் பிறகு. அதுவரை துரையின் புத்தியைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆகவே, கேக் எடுக்கப் போன தம்பி, கேளுங்கள். அக்காவைப் பார்த்துத் தங்கையைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் படியுங்கள், அதைவிட வேகமான வழி இல்லை. நான் அதற்குப் பிறகு கற்ற மொழிகளையெல்லாம் அப்படித்தான் கற்றேன். ஆனால் முதல் நாளே விடை தெரிந்த ஒரு பூச்சியம் நம்பர் மலையை நட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். விடை உங்களுக்குப் பிடிக்காதபோது மட்டும் அதைப் போய்ப் பார்க்காதீர்கள். பிடித்திருக்கும்போதும் பாருங்கள், அப்போதுதான் யாரும் பார்க்க மாட்டார்கள். அன்று கடைசியில் வந்தது வேறு யாருடைய அம்மாவின் மலையாக இருந்தாலும், அந்தத் தாளை நான் ஒட்டி அனுப்பியிருப்பேன் என்பதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

அம்மா துரையின் செய்தியைச் சொன்ன சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை, விடியற்காலைப் பனியில் பிடுங்கிய லீக்ஸோடு அலுவலகப் படியேறினேன். பை சொட்டச் சொட்ட ஈரம். சேரின் மேசைமேல் வைத்தேன். அவருக்குச் செய்தி முன்பே வந்திருந்தது. பையைக் கையில் தூக்கி, எடை பார்ப்பதுபோல மேலும் கீழும் அசைத்தார். கரும்பலகையை ஒரு தடவை பார்த்தார். பிறகு முகத்தை மிகக் கடுமையாக வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"தண்ணியக் கழிச்சியா, கூட்டினியா?"